மாளிகை வரையப் படிக்க மனையை அடகு வைப்பதா?

அமெரிக்க நாட்டிலே 2025 ஜூலை 4-ஆம் நாள், விடுதலைத் திருநாளன்று, குடியரசுத் தலைவர் டிரம்ப் ஒரு பெரிய சட்டத்தில் கையெழுத்திட்டார். வரிச் சலுகையும் செலவுக் குறைப்பும் நிறைந்த அந்தச் சட்டத்தின் ஒரு மூலையில் கல்விக் கடனைப் பற்றிய சில பிரிவுகள் இருக்கின்றன. மேற்படிப்புக்குப் போகும் மாணவனுக்குச் செலவு எவ்வளவோ அவ்வளவையும் அரசாங்கமே கடனாகத் தரும் 'கிராட் பிளஸ்' என்ற திட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கேட்பவர்க்கு இல்லை என்று அவை கூறுகின்றன. அதற்குப் பதிலாக உச்சவரம்பு வைத்தார்கள். சாதாரண மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர். 'தொழில்முறைப் பட்டம்' என்று பெயர் பெற்ற படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்.

எவை தொழில்முறைப் பட்டங்கள்? 2025 நவம்பரில் அந்நாட்டுக் கல்வித்துறை அமைத்த குழு ஒரு பட்டியலை ஒப்புக்கொண்டது. மருத்துவம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பல் வைத்தியம், கால்நடை வைத்தியம், மருந்தியல், கண் பரிசோதனை எல்லாம் இருக்கின்றன. இறையியலும் இருக்கிறது. கட்டடக் கலை இல்லை!

இறையியல் படிப்பவரோடு நமக்குச் சண்டை இல்லை, படிக்கட்டும். ஆனால் ஆண்டவனைப் பற்றி ஆராய்பவர் தொழில் வல்லுநராம். ஆண்டவன் கோயிலானாலும் ஏழைகளின் ஆஸ்பத்திரியானாலும், கூரை இடிந்து தலையில் விழாமல் கட்டுவது எப்படி என்று பல்லாண்டு படித்துப் பரீட்சை எழுதி உரிமம் வாங்குபவர் தொழில் வல்லுநர் அல்லராம்! இது மதிப்பைக் குறைப்பதல்ல, கடன் கணக்குக்காக வைத்த பெயர்தான் என்று கல்வித்துறை சமாதானம் சொன்னது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அந்தச் சமாதானத்தை ஏற்காமல் எதிர்ப்புத் தெரிவித்தது.

அமெரிக்காக்காரன் பிள்ளைக்குக் கடன் கிடைத்தால் நமக்கென்ன, கிடைக்காவிட்டால் நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கக்கூடும். நாமும் அப்படித்தான் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மடித்து வைத்தோம். மறுபடி எடுத்துப் படிக்க வைத்தவர் ஒரு தோழர்.

சென்ட்ரிங் மேஸ்திரி அவர். முப்பது ஆண்டுகளாகப் பலகை அடித்து முட்டுக் கொடுத்து, கான்கிரீட் இறுகியதும் பலகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்க்கொண்டிருப்பவர். அவர் முட்டுக் கொடுத்த மாடிகளில் இன்று யார் யாரோ குடியிருக்கிறார்கள். அவருடைய மகள் ஐந்தாண்டு பி.ஆர்க் படித்துத் தேறி, சென்னையில் ஓர் அலுவலகத்தில் மாதம் இருபத்தெட்டாயிரம் சம்பளத்தில் பிளான் வரைகிறாள். தகப்பன் மட்டப்பலகை பிடிக்க, மகள் கணினியில் கோடு போடுகிறாள் என்றால், இந்த நாட்டில் நடந்த நல்ல காரியங்களுள் அதுவும் ஒன்று. அந்தப் பெண்ணுக்கு அமெரிக்காவில் பெயர் பெற்ற ஒரு பல்கலைக் கழகத்தில் இரண்டாண்டு எம்.ஆர்க் படிக்க இடம் கிடைத்துவிட்டது. தகப்பனார் ஒரு கையில் அந்தக் கடிதத்தையும், இன்னொரு கையில் மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பையில் என்ன என்று கேட்டோம். "வீட்டுப் பத்திரம் அண்ணே. பேங்க்ல கேக்கறாங்க. வைக்கலாமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

வைக்கலாம் என்று சொல்லிவிட நமக்கு என்ன உரிமை? வேண்டாம் என்று சொல்லத்தான் என்ன உரிமை? ஏழை வீட்டுப் பெண் மேலே படிக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசியவர்கள் நாம். ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், இந்தப் படிப்புக்கு இவ்வளவு விலை ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். ஹார்வர்டு, கொலம்பியா போன்ற இடங்களில் கட்டடக் கலை மேற்படிப்புக்குக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டும். வேறு துறையில் பட்டம் பெற்றுவிட்டு இத்துறைக்கு வருபவர் மூன்று அல்லது மூன்றரை ஆண்டு படிக்க வேண்டும். வாடகை, சாப்பாடு, வைத்தியக் காப்பீடு எல்லாம் தனி. இந்தப் படிப்புக்கே உரிய ஒரு செலவும் உண்டு. மாதிரி செய்ய அட்டை, மரம், பிளாஸ்டிக், அச்சுக் கூலி. சட்டம் படிப்பவன் புத்தகத்தோடு போய்விடுவான். கட்டடக் கலை படிப்பவன் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு சிறு ஊரையே அட்டையில் கட்டிக் காட்டிவிட்டுக் கடைசியில் குப்பையில் போட வேண்டும். இராக்கண் விழித்து வேலை செய்வது அந்தக் கூடங்களின் வழக்கம். ஆகவே பகுதிநேர வேலை செய்து பிழைக்கலாம் என்பதும் பெரும்பாலும் கனவு.

2006-இல் வந்த கிராட் பிளஸ் திட்டத்துக்கு, பள்ளி சொல்லும் செலவு என்பதைத் தவிர வேறு உச்சவரம்பு கிடையாது. பள்ளி எவ்வளவு கேட்டாலும் அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. பணம் வாங்கிக்கொண்டது பள்ளி. பொறுப்பை ஏற்றுக்கொண்டவன் மாணவன். 2025-26 கல்வியாண்டில் அதற்கு வட்டி நூற்றுக்கு 8.94, அதோடு கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் கட்டணம் நூற்றுக்கு நாலுக்கும் மேல். 1,00,000 டாலரை ஒன்பது வட்டியில் பத்தாண்டில் அடைப்பதானால் மாதம் ஏறக்குறைய 1,267 டாலர். கடைசியில் கட்டி முடிப்பது 1,52,000.

கடனுக்கு வரம்பு வைத்தால் பள்ளிகள் கட்டணத்தைக் குறைத்துத்தான் ஆகவேண்டும் என்கிறார்கள் புதிய சட்டத்தை ஆதரிப்பவர்கள். இதில் பாதி உண்மை என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். கேட்டதைக் கொடுக்கும் கடன்காரன் வாசலில் நின்றால், விலை சொல்பவனுக்கு வாய் கூசாது. ஆனால் மீதிப் பாதி? ஆண்டுக்கு 20,500 டாலர்தான் அரசாங்கம் தரும், பள்ளியோ 50,000-க்கு மேல் கேட்கிறது. இடையில் இருக்கும் பள்ளத்தை யார் நிரப்புவது? பணக்காரன் பிள்ளைக்கு அப்பன் நிரப்புவான். மற்றவன் தனியார் வங்கிக்குப் போவான்; அங்கே ஜாமீன் கேட்பார்கள், வட்டியையும் அவர்களே முடிவு செய்வார்கள். கட்டணம் குறையும் வரை எந்தப் பிள்ளை காத்திருக்கும்? உதவிப் பணத்தைக் கூட்டாமல் கடனை மட்டும் குறைப்பது, ஏணியின் கீழ்ப்படிகளை அறுத்துவிட்டு இனி யாரும் விழமாட்டார்கள் என்று சொல்வதைப் போன்றது.

இலவசமாகக் கட்டடக் கலை சொல்லிக் கொடுக்கவே முடியாதா? முடியும் என்று அதே அமெரிக்காவில், அதே நியூயார்க்கில், ஒரு நிறுவனம் காட்டியிருக்கிறது. அது பிறகு எப்படிச் சறுக்கியது என்பதையும் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பீட்டர் கூப்பர் என்று ஒரு தொழிலதிபர். தொப்பி செய்பவர் மகன். பள்ளிக்கூடத்தில் ஓராண்டுகூட முழுதாகப் படித்தவரல்லர். அமெரிக்காவில் ஓடிய முதல் ரயில் எஞ்சின்களுள் ஒன்றைச் செய்தவர். பணம் சேர்ந்ததும், தமக்குக் கிடைக்காத படிப்பு உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று 1859-இல் கூப்பர் யூனியன் என்ற கல்லூரியை நிறுவினார். பகலில் வேலை செய்பவர்களுக்கு இரவு வகுப்பு. தொடக்கத்தில் வசதியுள்ள சிலரிடம் கட்டணம் வாங்கியது உண்டு. 1902 முதல் எல்லோருக்கும் இலவசம். அதன் பெரிய மண்டபத்தில் லிங்கன் 1860-இல் பேசினார். அந்த மண்டபத்தில்தான் 1909 நவம்பரில் சட்டைத் தொழிற்சாலைப் பெண்கள் கூடி வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கினார்கள். இருபதாயிரம் பேரின் எழுச்சி என்று தொழிலாளர் வரலாறு அதைக் குறிக்கிறது. அந்தக் கல்லூரியின் கட்டடக் கலைப் பள்ளியில் படித்தவர்கள் டேனியல் லிபெஸ்கிண்டும், 2014-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற ஷிகேரு பானும். காகிதக் குழாய்களைக் கொண்டு, நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த அதே பான்தான்.

நூறாண்டுக்கு மேல் இப்படி நடந்த நிறுவனத்துக்குப் புதிய கட்டட ஆசை வந்தது. 2006-இல் ஒரு காப்பீட்டுக் கம்பெனியிடம் 17 கோடியே 50 லட்சம் டாலர் கடன் வாங்கினார்கள். எதை ஈடு வைத்தார்கள்? புகழ் பெற்ற கிரைஸ்லர் கட்டடம் நிற்கும் நிலம் கூப்பர் யூனியனுக்குச் சொந்தம்; அந்த நிலத்தை! பரிசுகள் பெற்ற கட்டடக் கலைஞர் தாம் மேய்ன் வரைந்த பளபளக்கும் புதுக் கட்டடம் 2009-இல் எழுந்தது. பங்குச் சந்தை அதற்கு முன்பே சரிந்திருந்தது. வட்டி வளர்ந்தது, வருமானம் வளரவில்லை. 2013-இல் நிர்வாகம் வாய் திறந்தது: 2014 முதல் வருகிறவர்கள் கட்டணம் கட்ட வேண்டும்.

கட்டடத்தை வரையச் சொன்னது நிர்வாகம், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் நிர்வாகம். தவணை கட்டுவது மட்டும் நேற்றுப் பிறந்த மாணவனா? மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. தலைவரின் அறைக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை. முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் வழக்குத் தொடுத்தார்கள். மாநிலத் தலைமை வழக்கறிஞர் தலையிட்டு, 2015-இல் உடன்பாடு ஏற்பட்டது. மீண்டும் இலவசக் கல்விக்குத் திரும்பப் பத்தாண்டுத் திட்டம் ஒன்று 2018-இல் வகுக்கப்பட்டது. 2024-இல், அடுத்த நாலாண்டுகளுக்கு இறுதியாண்டு மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். போன படி ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது, கேட்டவர்களால் வருகிறது.

இனி, படித்து முடித்த பிறகு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். கடனை அடைப்பது கல்லூரிப் பெயர் அல்ல, சம்பளம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர நிறுவனம் 2023 மே மாதத்துக்குக் கொடுத்த கணக்கின்படி கட்டடக் கலைஞர்களின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 93,310 டாலர், வழக்கறிஞர்களுடையது 1,45,760. கட்டடக் கலைஞர் என்ற அந்தத் தொகையும் நேற்றுப் பட்டம் வாங்கியவருக்கு அல்ல. பட்டத்தோடு 3,740 மணி நேர அனுபவமும் காட்ட வேண்டும், ஆறு பகுதிப் பரீட்சை எழுத வேண்டும், அதன் பிறகுதான் உரிமம். அதுவரை அவர் 'டிசைனர்'. சம்பளமும் அதற்குத் தக்கபடி. வழக்கறிஞரைப் போலக் கடன், வரைவாளரைப் போல வருமானம் என்பதுதான் இந்தத் தொழிலில் நுழைபவர் நிலைமை.

இந்தத் தொழிலில் இன்னொரு கெட்ட வழக்கம் உண்டு. பெரிய கலைஞரிடம் வேலை பார்ப்பதே பெருமை, கூலி எதற்கு என்பது! 2019-இல் இலண்டன் செர்பண்டைன் மண்டபத்தைக் கட்ட வந்த ஜப்பானியக் கலைஞர் இஷிகாமியின் அலுவலகத்தில் கூலியில்லாப் பயிற்சியாளர்களைத் தேடுகிறார்கள் என்ற செய்தி வெளிவந்து ஊர் சிரித்தது; அந்த மண்டபப் பணியில் இருப்பவர் எல்லோருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று செர்பண்டைன் நிர்வாகம் கட்டளையிட்டது. நம் நாட்டிலும் பயிற்சி என்ற பெயரில் பேருந்துக் கட்டணத்துக்குக்கூடப் போதாத தொகையைக் கொடுத்துப் பிள்ளைகளை நள்ளிரவுவரை வைத்திருக்கும் அலுவலகங்கள் நமக்குத் தெரியும். சித்தாளுக்குச் சாயங்காலம் கூலி கொடுக்காவிட்டால் மறுநாள் வேலைக்கு வரமாட்டாள். பட்டதாரிக்கு அந்தத் துணிச்சல் வர இன்னும் நாளாகும் போலிருக்கிறது. வந்துகொண்டும் இருக்கிறது: 2022-இல் நியூயார்க்கில் பெர்ன்ஹைமர் என்ற நிறுவனத்தில் வேலை செய்யும் கட்டடக் கலைஞர்கள் சங்கம் அமைத்தார்கள், நிறுவனமும் அதை ஏற்றது. அவர்கள் போய்ச் சேர்ந்தது எந்தச் சங்கத்தில் தெரியுமா? எந்திரத் தொழிலாளர் சங்கத்தில்!

மேஸ்திரியின் மகளிடம் வருவோம். வெளிநாட்டு மாணவிக்கு அமெரிக்க அரசாங்கக் கடன் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. நம் ஊர் வங்கிதான். கடிதத்தில் இருந்த கணக்கு இது: கட்டணம் ஆண்டுக்கு 55,000 டாலர். இருக்க, உண்ண 25,000. இரண்டாண்டுக்கு 1,60,000. ஆண்டுக்கு 20,000 டாலர் சலுகை தருகிறார்கள். கடிதத்தில் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கழித்தால் 1,20,000 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோடியே எட்டு லட்சம். பதினொரு வட்டியில், பத்தாண்டுத் தவணையில், மாதம் ஏறக்குறைய 1,48,700 ரூபாய். படிக்கும் காலத்தில் ஓடும் வட்டியை இதில் சேர்க்கவில்லை. அவள் இப்போது வாங்கும் ஐந்து மாதச் சம்பளம் ஒரு மாதத் தவணைக்குப் போதவில்லை.

"அங்கேயே வேலை பார்த்து அடைச்சிடுவேன் ஐயா" என்றாள் அந்தப் பெண். பார்க்கலாம், முடியாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எத்தனை காலம் பார்க்கலாம்? படிப்பு முடிந்ததும் ஓராண்டு வேலை அனுமதி. படிப்பு அறிவியல்-தொழில்நுட்ப வகைக் குறியீட்டில் இருந்தால் மேலும் இரண்டாண்டு. எம்.ஆர்க் படிப்புகளில் சில அந்தக் குறியீட்டில் இருக்கின்றன, சில இல்லை. "உன்னுடையது எந்தக் குறியீடு?" என்று கேட்டோம். அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கோடி ரூபாய்ச் சரக்கின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டை அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை! அதன் பிறகு எச்-1பி. தேவைக்கு மேல் விண்ணப்பங்கள் குவியும் வரிசை அது. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்றது. அங்கேயே படித்து முடித்து மாறுகிறவருக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் கொடுத்தார்கள். ஒரு முறை ஊர் திரும்பிவிட்டால் மறுபடி போகும் வழி எவ்வளவு குறுகிவிட்டது என்று இதிலிருந்தே தெரிகிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. எம்.ஆர்க் என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். ஒன்று, அந்நாட்டு அங்கீகார வாரியம் ஒப்புக்கொண்ட தொழிற்பட்டம். உரிமத்துக்கு நேர் வழி. மற்றொன்று, ஏற்கெனவே பி.ஆர்க் முடித்தவருக்கான மேல்பட்டம். அதற்கு அந்த அங்கீகாரம் இல்லை. ஐந்தாண்டு படித்துவிட்டுப் போகும் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இரண்டாவது. அது மட்டமான படிப்பு என்று பொருளல்ல. நல்ல ஆசிரியர், நல்ல நூலகம், நல்ல தொடர்பு எல்லாம் கிடைக்கும். ஆனால் உரிமம் வேண்டுமென்றால் தங்கள் இந்தியப் பட்டத்தைத் தனியே மதிப்பிடச் சொல்லி மனுப்போட வேண்டும். நம் நாட்டிலோ, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக் கலைக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள அவளுடைய பி.ஆர்க்கே போதும். ஆக, இங்கே தொழில் செய்வதற்கு அந்த ஒரு கோடி தேவையில்லை. அங்கே தொழில் செய்வதற்கு அந்த ஒரு கோடி மட்டும் போதவில்லை.

வேறு வழி இல்லையா? ஜெர்மனியில் அரசுப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் இன்றும் கட்டணம் இல்லை. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்டச் சொல்கிறார்கள், மொழியும் படிக்க வேண்டும். மூனிச் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் 2024 முதல் வெளிநாட்டாரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கதவும் சாத்திக்கொண்டே வருகிறது. நம் நாட்டில் சென்னை அண்ணா பல்கலைக் கழகம், திருச்சி என்.ஐ.டி., கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.கள், டில்லி திட்டமிடல் கட்டடக் கலைப் பள்ளி, தோஷி 1962-இல் அகமதாபாத்தில் தொடங்கிய பள்ளி ஆகியவை இருக்கின்றன. மத்திய நிறுவனங்களில் கேட் தேர்வு எழுதித் தேறியவருக்கு மாத உதவித் தொகையும் உண்டு. டடாவோ ஆண்டோ கட்டடக் கலைப் பள்ளிக்கே போகாமல் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தவர், தாமே கற்று 1995-இல் பிரிட்ஸ்கர் வாங்கினார் என்று எடுத்துக்காட்டுச் சொல்பவர்களும் உண்டு. அதை நாம் சொல்ல மாட்டோம். கோடியில் ஒருவர் கதையைக் காட்டி ஏழைப் பிள்ளையைப் படிக்காதே என்பது மேட்டுக்குடியார் வேலை.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்னது இதுதான். முதல் ஆண்டில் வரக்கூடிய சம்பளம் எவ்வளவோ, மொத்தக் கடன் அதைத் தாண்டாமல் இருந்தால் துணிந்து போ. எந்த ஊர்ச் சம்பளம் என்றால், இந்த ஊர்ச் சம்பளத்தையும் அந்த ஊர்ச் சம்பளத்தையும் வைத்து இரண்டு கணக்குப் போடு. திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை இருக்க வேண்டும். பள்ளி தரும் உதவியில் எது இனாம், எது கடன், எது வேலைக்குக் கூலி என்று பிரித்து எழுதித் தரச் சொல். ஆசிரியருக்கு உதவியாளராக இருந்தால் கட்டணத்தைத் தள்ளிவிடும் மாநிலப் பல்கலைக் கழகங்கள் அங்கே உண்டு. பெயர் சிறிதாக இருக்கும், கடனும் சிறிதாக இருக்கும். எடுத்த எடுப்பில் சொன்ன விலையே கடைசி விலை என்று எண்ணாதே. சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் நாம், ஒரு கோடிக்குப் பேசாமல் தலையாட்டுவதா? இரண்டாம் இடம் கொடுத்த பள்ளியின் கடிதத்தை முதல் பள்ளிக்கு அனுப்பிக் கேள். கேட்டதற்காக இடத்தைப் பறித்துவிட மாட்டார்கள்.

தகப்பனார் அதுவரை வாய் திறக்கவில்லை. மகள் தாளில் எழுதிய கூட்டலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "நாங்க முட்டுக் கொடுக்கறப்போ, மேல வர்ற பாரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் அண்ணே கொடுப்போம். இதுக்கு நான் பார்க்கவேயில்லையே" என்றார்.

பத்திரம் மஞ்சள் பையிலேயே திரும்பிப் போனது. மகள் அன்றிரவே இரண்டு பள்ளிகளுக்கும் எழுதினாள். படிப்பின் குறியீடு என்ன, உதவியாளர் வேலை உண்டா, சலுகையைக் கூட்டுவார்களா என்று மூன்று கேள்விகள். பெரிய பள்ளி ஒரு வாரத்தில், சலுகையைக் கூட்ட இயலாது என்று மரியாதையாகப் பதில் போட்டது. இரண்டாவது பள்ளியிலிருந்து, உதவியாளர் இடங்கள் பற்றி அடுத்த மாதம் முடிவு செய்வார்கள், அதுவரை இடத்தை வைத்திருக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அவள் கேட் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள்.